வடக்கன்குளம் முதல் காற்றாடிமலை வரை: குடும்பமாய் ஒரு நாள் நடை



நாசரேத்துத் திருக்குடும்பம் பாஸ்கா விழாவுக்காக ஆண்டுதோறும் எருசலேமுக்குச் சென்று வந்ததை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உறவினர், ஊரார் என்று கூட்டமாகவே போனார்கள். சிறுவன் இயேசு உடன் வருகிறார் என்றெண்ணி, ஒரு நாள் பயணத் தொலைவு கடந்த பிறகே பெற்றோர் அவரைத் தேடுகிறார்கள். பிள்ளைகள் சித்தப்பா, மாமா வீட்டாரோடு கலந்து போகும் அளவுக்கு அந்த நடை இயல்பாய் இருந்திருக்கிறது. வேன் பிடித்துத் திருத்தலம் போய் மாலைக்குள் திரும்பிவிடும் நமக்கு அது மறந்துபோயிற்று.

நெடும்பயணம் முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை. நாம் சந்தியாகப்பர் என்றழைக்கும் புனித யாக்கோபின் திருத்தலமான ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோவுக்கு நடப்பவர்கள் பலர், விடுமுறைக்கு ஒரு பகுதியாகப் பல ஆண்டுகளில் நடந்து முடிக்கிறார்கள். கால்நடையாய் வருவோர் கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருந்தால் அங்கே சான்றிதழ் உண்டு.

நமக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. புனித தேவசகாயம் பிறந்த நட்டாலம், தண்ணீர் சுரந்ததாகச் சொல்லப்படும் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை, ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம், உயிர் கொடுத்த காற்றாடிமலை, அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு என நீளும் பாதை அது. இதில் வடக்கன்குளம் – காற்றாடிமலைப் பகுதி நெல்லைக் குடும்பங்களுக்கு ஏற்றது. மேலப்பாளையத்தார் பக்கத்திலுள்ள வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறி, வள்ளியூர் வழியாக வடக்கன்குளம் சேரலாம்.

1745 மே 14 அன்று இங்கேதான் நீலகண்டன், தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஞானஸ்நானத்துக்கும் மறைசாட்சியத்துக்கும் இடையே ஏழு ஆண்டுகூட இல்லை; நடந்தால் ஒரு காலைப்பொழுது.

புறப்படுமுன் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டுங்கள். சாதி பார்த்து மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர் ஒன்று இவ்வாலயத்துக்குள் இருந்தது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. சுவர் வேண்டுமென்று வழக்காடியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் வெல்லவில்லை. எல்லாச் சாதியாரோடும் சமமாய்ப் பழகியவர் என்று போற்றப்படும் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே இப்படி ஒரு சுவர்! பெரியவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். பிள்ளைகள் கேட்டால் மழுப்பாதீர்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் விடப்பட்டிருந்தது.

காவல்கிணறு தாண்டினால் முப்பந்தல் காற்றாலைகள். சூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று சிறு பிள்ளைகளைத் தள்ளிவிடும். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. விடியுமுன் கிளம்புங்கள். நாற்கரச் சாலையில் வண்டிகள் வேகமாய் வரும்; எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரத்தில் வரிசையாக நடங்கள், பிள்ளைகளை உட்புறம் விடுங்கள். செபமாலை சொல்லலாம், ஆனால் ஒருவர் கண் சாலையில் இருக்கட்டும். புதுச் செருப்பு வேண்டாம். தாத்தா பாட்டி பேருந்தில் ஆரல்வாய்மொழிக்கு வந்து, கட்டுச்சோற்றோடு காத்திருக்கலாம்.

எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி அவரை ஊர் ஊராய்க் கொண்டுபோன கதையை வழியில் சொல்லுங்கள். மலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. அவர் சுடப்பட்டபோது அது மணிபோல் ஒலித்தது என்பது மக்கள் மரபு. தட்டிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் திரும்பாது. கோட்டாறு வரையுள்ள பகுதியை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.