உள்ளங்கைக்குள் ஒரு டென்னிஸ் மைதானம்! - இலவச ஆட்டத்துக்குக் காசு கொடுப்பது யார்?

78 அடி நீளம். 27 அடி அகலம். நடுவில் 3 அடி உயர வலை. ஒருவரோடு ஒருவர் டென்னிஸ் ஆட இவ்வளவு இடம் வேண்டும். பந்து வேண்டும். நரம்பு கட்டிய மட்டை வேண்டும். இதற்கெல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

ஆனால் இன்று அந்த மைதானம் ஒரு சிறுவனின் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது!

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் பக்கத்தில் உள்ள அச்சங்குளமாக இருந்தாலும் சரி, சென்னைப் பட்டணமாக இருந்தாலும் சரி. செல்போனில் 'பிரவுசர்' திறந்து, 'டென்னிஸ் கேம்' என்று தேடினால் போதும். விரலை இழுத்தால் மட்டை நகரும். பந்து பறக்கும். டிக்கெட் கிடையாது. சந்தா கிடையாது. எல்லாம் இலவசம்!

இலவசம் என்றால், அந்த ஆட்டத்தை உண்டாக்கியவருக்குக் கூலி கொடுத்தது யார்?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், 1958-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அணுகுண்டுக் குழுவில் இருந்தவர்

அமெரிக்காவில் புரூக்ஹேவன் என்ற இடத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் வில்லியம் ஹிகின்பாதம். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு செய்த குழுவில் இருந்தவர். போர் முடிந்த பிறகு, அணு ஆயுதம் உலகில் பரவக் கூடாது என்று பாடுபட்டவரும் அவரே.

ஆராய்ச்சிக் கூடத்தைப் பொதுமக்கள் பார்க்க ஆண்டுதோறும் சில நாட்கள் ஒதுக்கப்பட்டன. அசையாமல் கிடக்கும் கருவிகளை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? வருகிறவர்கள் தொட்டு விளையாட ஏதாவது வேண்டும் என்று ஹிகின்பாதம் நினைத்தார்.

ஏவுகணை போகும் பாதையைக் கணக்கிடக்கூடிய கணிப்பொறி ஒன்று அங்கே இருந்தது. ஏவுகணையும் வளைந்து போகிறது; பந்தும் வளைந்துதான் போகிறது. அதே கணக்கால் பந்தைப் பறக்கவிட்டால் என்ன?

சில வாரங்களில் விளையாட்டு தயார் ஆயிற்று. ஐந்து அங்குல வட்டத் திரை. அதில் தரைக்கு ஒரு கோடு, வலைக்கு ஒரு கோடு, பந்துக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான்! ஆடுகிறவர் கையில் ஒரு சிறு பெட்டி. அதில் ஒரு திருகு, ஒரு பொத்தான். 1958 அக்டோபர் 18-ந் தேதி மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு காசும் கேட்கப்படவில்லை. ஹிகின்பாதம் அதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. 1959-ம் ஆண்டு மறுபடியும் காட்டினார்கள். பிறகு கருவியைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, திரையில் ஆடிய முதல் டென்னிஸ் உண்மையிலேயே இலவசம்!

நிரம்பி வழிந்த காசுப் பெட்டி

1972-ல் கதை மாறியது. அடாரி என்ற அமெரிக்கக் கம்பெனி 'பாங்' என்ற ஆட்டப் பெட்டியைச் செய்தது. இரண்டு கோடுகள், ஒரு பந்து. அதுவும் டென்னிஸ் போன்ற ஆட்டந்தான். ஆனால் காசு போட்டால்தான் பந்து வரும்.

முதல் பெட்டியைக் கலிபோர்னியாவில் ஒரு மது விடுதியில் வைத்தார்கள். சில நாட்களில் பெட்டி நின்றுவிட்டது. 'ரிப்பேர்' என்று சேதி வந்தது. அதைச் செய்த ஆலன் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். ரிப்பேர் ஒன்றும் இல்லை. உள்ளே காசு நிரம்பி வழிந்தது!

விளையாட்டில் பணம் இருக்கிறது என்று அன்றே வியாபாரிகளுக்குப் புரிந்துவிட்டது.

பந்து எப்படிப் பறக்கிறது?

1995-ல் பிரெண்டன் ஐக் என்ற அமெரிக்கர், பிரவுசருக்குள் வேலை செய்யும் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினார். அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். இன்று போனில் டென்னிஸ் பந்தை ஓடவைப்பது பெரும்பாலும் அந்த மொழிதான்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. போன் திரையோ சாதாரணமாக நொடிக்கு 60 தடவை புதிதாகிறது. ஒவ்வொரு தடவையும் பந்தைக் கொஞ்சம் நகர்த்தி வரைகிறது. மட்டையில் பட்டால் திருப்பி வரைகிறது. நம் கண்ணுக்கு அது பறப்பதாகத் தோன்றுகிறது.

சரி, இங்கே காசுப் பெட்டி எங்கே இருக்கிறது?

ஆயிரத்துக்கு இவ்வளவு!

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் விளம்பரம் வருகிறதல்லவா? அதுதான் காசுப் பெட்டி. ஆயிரம் தடவை விளம்பரத்தைக் காட்டினால் இவ்வளவு பணம் என்பது அந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தாருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். பட்டாசிலும் தீப்பெட்டியிலும் பல வேலைகளுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அங்கே நாம் செய்து கொடுத்ததை எண்ணுகிறார்கள். இங்கே நம் பிள்ளை பார்த்ததை எண்ணுகிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கூலி நம் கைக்கு வருகிறது. இங்கே நம் பிள்ளையின் நேரத்துக்கான கூலி வேறு யாருக்கோ போகிறது!

ஆடுவதற்கு டேட்டாவும் செலவாகிறது. அந்த ரீசார்ஜ் காசு சுலபமாக வந்ததா? 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் பலர் மாண்டனர். அப்படிப்பட்ட தொழிலில் பெற்றவர்கள் ஈட்டும் காசு அது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் சிறு பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. எந்தத் தொழிலிலுமே கூடாது என்று 2016-ல் அது இறுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு விளையாடும் நேரம் சும்மா கிடைத்துவிடவில்லை. பாடுபட்டு மீட்ட நேரம் அது. அதை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிறர் விற்க விடலாமா?

வீட்டில் என்ன செய்யலாம்?

அதற்காகப் போனைப் பிடுங்க வேண்டாம். டென்னிஸ் நல்ல ஆட்டம். பந்து எந்தக் கோணத்தில் வரும் என்று கண்ணும் கையும் சேர்ந்து பழகும். 15, 30, 40 என்று எண்ணும் முறையும் தெரியவரும். ஆனால் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

ஆடத் தொடங்குமுன்பே எத்தனை ஆட்டம் என்று பேசி முடிவு செய்யுங்கள். 'இன்னும் ஒன்று' என்பதற்கு முடிவே கிடையாது.

பக்கம் முழுவதும் வந்த பிறகு டேட்டாவை நிறுத்திப் பாருங்கள். பல சிறு ஆட்டங்கள் அப்போதும் ஓடும். டேட்டா மிச்சம், புது விளம்பரமும் வராது.

'பரிசு விழுந்திருக்கிறது', 'போனில் வைரஸ்' என்று வந்தால் தொடாமல் மூடிவிடுங்கள். பிரவுசரில் ஆட வேறு எதையும் இறக்க வேண்டியதில்லை. ஓ.டி.பி., யு.பி.ஐ. ரகசிய எண் ஆகியவற்றை எவர் கேட்டாலும் தரக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

'பணம் கட்டி ஆடு, ஜெயித்தால் இரட்டிப்பு' என்று அழைத்தால் அது விளையாட்டே அல்ல. அத்தகைய ஆட்டங்களுக்குத் தடை விதித்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஆட்டத்தை நிறுத்த முடியாமல் படிப்பும் தூக்கமும் மாதக்கணக்கில் கெட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. விரல் ஆடினால் போதாது. உடம்பும் ஆட வேண்டும். ஒரு ரப்பர் பந்து, ஒரு சுவர், ஒரு பலகைத் துண்டு. இதுவும் டென்னிஸ் பயிற்சிதான்!

தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை போனார். தென்காசி நமக்கு அடுத்த மாவட்டம்.

போனில் டென்னிஸ் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளை நாளை மைதானத்துக்கு வரட்டும். அதுவரை, அந்தப் பிள்ளையின் நேரம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதை அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.