ஒரு கை தூரத்து ஆயுதம்

2019 ஜூன் 5. உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில். சஹால் வீசிய பந்துக்கு இறங்கி வந்த தென்னாப்பிரிக்க வீரர் பெலுக்வாயோவை தோனி கண்ணிமைக்கும் நேரத்தில் ஸ்டம்பிங் செய்தார். கேமரா அவர் கையுறையை நெருங்கிக் காட்டியபோது அதிலிருந்த சின்னம் ரசிகர்கள் கண்ணில் பட்டது: முனை கீழ்நோக்கிய ஒரு குத்துவாள், இருபுறமும் விரிந்த சிறகுகள். இந்திய ராணுவத்தின் பாரா சிறப்புப் படையினர் அணியும் ‘பலிதான்’ முத்திரையில் இருக்கும் குத்துவாள் அது. தோனி 2011 முதல் பாராசூட் படைப்பிரிவின் கௌரவ லெப்டினன்ட் கர்னல். அந்தச் சின்னத்துக்கு விதியில் இடமில்லை என்றது ஐ.சி.சி. இந்திய கிரிக்கெட் வாரியம் அனுமதி கேட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு தோனி சின்னம் இல்லாத கையுறையோடு வந்தார்.

உலகின் பல சிறப்புப் படைகளின் சின்னங்களில் இதுபோன்ற குத்துவாளைப் பார்க்கலாம். அவற்றில் பலவற்றுக்கு மூலம், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வைத்திருந்த கத்தி. ஷாங்காய் நகரக் காவல்துறையில் வேலை பார்த்த வில்லியம் ஃபேர்பெர்ன், எரிக் சைக்ஸ் என்ற இருவர் அதை வடிவமைத்தார்கள். 1941இல் அது தயாரிப்புக்கு வந்தது. கையில் நவீனத் துப்பாக்கி வைத்திருக்கும் படைக்கு எதற்குக் கத்திச் சின்னம்? துப்பாக்கிக்காரன் தூரத்தில் மறைந்திருந்தே சுட்டுவிடலாம். குத்துவாள்காரன் எதிராளியின் மூச்சு தன்மேல் படும் இடம்வரை போயாக வேண்டும். அத்தனை நெருங்கிப் போகும் துணிச்சலைத்தான் அந்தச் சின்னம் சொல்கிறது.

ஆனால் ஒரு மனிதரை அவ்வளவு நெருங்கக்கூடியவர்கள் எதிரிகள் மட்டும் இல்லையே. நண்பன் வருவான், விருந்தாளி வருவான், சொந்தக்காரன் வருவான். வாள் போர்க்களத்தின் அடையாளமாக நின்றுவிட, குத்துவாள் துரோகம், மானம், நம்பிக்கை, வாக்கு என்று மனிதர்களுக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் அடையாளமானது இதனால்தான்.

நாணயத்தில் ஒரு கொலை

கி.மு. 44, மார்ச் 15. ரோமில் தளபதி பாம்பே கட்டிய அரங்கத்தை ஒட்டிய மண்டபத்தில் செனட் கூடியிருந்தது. ஜூலியஸ் சீசரைச் சூழ்ந்துகொண்டவர்கள் அவருக்கு நன்கு பழக்கமானவர்கள். சிலர் அவரால் பதவி பெற்றவர்கள். உடலில் 23 காயங்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். பரிசோதித்த மருத்துவர் அந்திஸ்தியுஸ், மார்பில் விழுந்த இரண்டாவது குத்து ஒன்றுதான் உயிரைப் பறித்தது என்றாராம். நெரிசலில் ஒருவர் கத்தி இன்னொருவர் மேல் பட்டு, கொலையாளிகளில் ஒருவரான புரூட்டஸின் கையிலும் காயம் என்கிறார் புளூட்டார்க்.

கொலை செய்தவர்கள் ஆயுதத்தை ஒளித்துவைப்பது உலக வழக்கம். புரூட்டஸ் அதை நாணயத்தில் அச்சடித்தார்! அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், கிழக்கே படை திரட்டிக்கொண்டிருந்தபோது வெளியிட்ட அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் அவருடைய தலை. மறுபக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவே ஒரு குல்லா, கீழே மார்ச் 15 என்பதன் லத்தீன் சுருக்கம். கூர்ந்து பார்த்தால் இரண்டு கத்திகளின் பிடியும் வேறு வேறு. ஒன்று புரூட்டஸுக்கு, மற்றது கூட்டாளி காசியஸுக்கு என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. குல்லா, விடுதலை பெற்ற அடிமை அணிவது. கொடுங்கோலனிடமிருந்து ரோமை இந்தக் கத்திகள் விடுவித்தன என்று, விளக்கம் ஏதும் எழுதாமல், படைவீரனின் சம்பளக் காசிலேயே பிரச்சாரம் செய்துவிட்டார் மனிதர். உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தைக் காசில் பொறித்தது சீசர் மேல் இருந்த புகார்களில் ஒன்று. புரூட்டஸும் அதையே செய்தார் என்பதுதான் வேடிக்கை.

கி.மு. 42இல் பிலிப்பி போரில் தோற்று இருவரும் தற்கொலை செய்துகொண்டார்கள். நாணயம் பிழைத்தது. அதன் தங்கப் பதிப்பில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது திருட்டுத்தனமாகக் கடத்தப்பட்டது என்று அமெரிக்க விசாரணையில் தெரியவர, 2023இல் கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

புரூட்டஸ் குத்துவாளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. ரோமானியர்கள் சொல்லிவந்த கதைப்படி, கி.மு. 509 வாக்கில் மன்னன் மகன் செக்ஸ்டஸ், லுக்ரீசியா என்ற பெண்ணைப் பலாத்காரம் செய்தான். அவள் தந்தையையும் கணவனையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு, கத்தியால் குத்திக்கொண்டு இறந்தாள். உடன் இருந்த ஒருவர் அந்தக் கத்தியை உருவி, ரத்தம் சொட்டச் சொட்ட அதன்மேல் சத்தியம் செய்து மன்னராட்சியை விரட்டினார். அவர் பெயர் லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ். சீசரைக் கொன்ற புரூட்டஸ் தன்னை அவருடைய வாரிசு என்று சொல்லிக்கொண்டவர். நாணயத்தைப் பார்க்கும் ரோமானியனுக்கு அந்தப் பழைய கத்தியும் ஞாபகம் வந்திருக்கும்.

இந்தச் சின்னத்துக்கு மறுபிறவியும் இருந்தது. 1537 ஜனவரியில் ஃபுளோரன்ஸ் நகரத்தின் பிரபு அலெசாந்த்ரோ தெ மெடிசியை அவருடைய உறவினரான லோரன்சினோ கொன்றார். பிறகு வெளிவந்த பதக்கம் ஒன்றில் லோரன்சினோவின் முகம். பின்புறம் அதே இரண்டு குத்துவாள்கள், அதே குல்லா, தேதி மட்டும் வேறு. பதினோரு ஆண்டு கழித்து வெனிஸில் லோரன்சினோவும் கொலையாளிகளின் கையால் மாண்டார்.

ஓவியர்கள் கண்டது

லுக்ரீசியாவை ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றுக்கணக்கில் வரைந்தார்கள். பெரும்பாலானவை அலங்காரம். ரெம்பிராண்ட் இரண்டு முறை வரைந்தார். வாஷிங்டனில் உள்ள 1664ஆம் ஆண்டு ஓவியத்தில் கத்தியின் முனை அவள் மார்பை நோக்கியிருக்கிறது, இன்னும் தொடவில்லை. இடது கை யாரையோ தடுப்பதுபோல் விரிந்திருக்கிறது. மினியாபொலிஸில் உள்ள 1666ஆம் ஆண்டு ஓவியத்தில் குத்து விழுந்து முடிந்துவிட்டது. வெள்ளை உள்ளாடையில் ரத்தம் ஊறிப் பரவுகிறது. ஒரு கையில் கத்தி, மறு கை பக்கத்தில் தொங்கும் கயிற்றைப் பிடித்திருக்கிறது. நடுவில் உள்ள அந்த ஒரு கணத்தை அவர் வரையவே இல்லை.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ஹோல்பைனின் ‘தூதர்கள்’ (1533) வேறு ரகம். இரண்டு மீட்டர் உயரமுள்ள அந்த ஓவியத்தின் முன் நிற்பவர்கள் எல்லோரும் கீழே சாய்வாகத் தீட்டிய மண்டையோட்டைத்தான் தேடுவார்கள். இடது பக்கம் நிற்கும் பிரெஞ்சுத் தூதர் ழான் தெ தேன்தவிலின் வலது கையைப் பார்ப்பவர்கள் குறைவு. பச்சைக் குஞ்சலம் தொங்கும் பொன்னிறக் குத்துவாள் உறையைப் பிடித்திருக்கிறார். அந்த உறையில் அவருடைய வயது பொறித்திருக்கிறது: 29. எதிரே நிற்கும் பாதிரியார் நண்பரின் வயது 25, அவர் முழங்கை ஊன்றிய புத்தகத்தின் விளிம்பில். ஒருவருக்குக் கத்தி, இன்னொருவருக்குப் புத்தகம். உறையிலிருந்து உருவாமலே ஆளை அறிமுகம் செய்துவிடுகிறது அந்தக் குத்துவாள்.

நம் பக்கத்தில் அந்த இடம் கட்டாரிக்கு. பிடியைக் குறுக்காகப் பற்றி, முஷ்டியால் குத்துவதுபோல் பாய்ச்சும் ஆயுதம் இது. முகலாய ஓவியங்களில் இடுப்புத் துணியில் கட்டாரி செருகாத பிரபுக்களைக் காண்பது அரிது. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையில் இருந்த கட்டாரிகளின் கைக்காப்பில் யாளிகளும் கொடிகளும் இரும்பிலேயே செதுக்கியிருக்கும். பலவற்றில் அலகு மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிடியும் வேலைப்பாடும் உள்ளூர்க் கொல்லர்களுடையவை. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசு முடிந்ததும் அந்தச் சேகரம் சிதறியது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு பகுதி வந்தது. மற்றவை நியூயார்க்வரை போய்ச் சேர்ந்தன.

வானத்து இரும்பு

1922இல் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். 1925இல் மம்மியின் துணிக்கட்டுகளைப் பிரித்தபோது வயிற்றருகே தங்க அலகுள்ள குத்துவாளும், வலது தொடையருகே இரும்பு அலகுள்ள இன்னொன்றும் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் இரும்பில் பெரிதாகத் துருவில்லை. 2016இல் இத்தாலிய, எகிப்திய ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் கருவியால் அதைச் சோதித்தார்கள். சுமார் 11 சதவீதம் நிக்கல், கொஞ்சம் கோபால்ட். விண்கல் இரும்பின் கலவை அது. அந்தக் காலத்து எகிப்தில் இரும்பு தங்கத்தைவிட அரிது.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் விண்கல் இரும்புக்கு ஆசைப்பட்டவர். 1621இல் ஜலந்தர் அருகே ஒரு விண்கல் விழுந்தது. சூடு ஆறாத மண்ணைத் தோண்டி எடுத்த கட்டியைத் தன் கொல்லர் உஸ்தாத் தாவூதிடம் கொடுத்தார். சுத்தியலின் கீழ் அது உதிர்ந்தது. பிறகு மூன்று பங்கு விண்கல்லுக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து, இரண்டு வாள், ஒரு கத்தி, ஒரு குத்துவாள் செய்தார்கள். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கத்தி இப்போது வாஷிங்டனில் இருக்கிறது.

உலகின் புகழ்பெற்ற குத்துவாள்களில் ஒன்று, போய்ச் சேர வேண்டியவரிடம் சேரவே இல்லை. பாரசீகத்தோடு சமாதானம் ஆனதும், ஒட்டோமான் சுல்தான் முதலாம் மஹ்மூத், நாதிர் ஷாவுக்குப் பரிசாக அதைச் செய்யச் சொன்னார். டெல்லியைச் சூறையாடி மயிலாசனத்தைக் கொண்டுபோன அதே நாதிர் ஷா. பிடியில் மூன்று பெரிய மரகதங்கள், உச்சியில் மரகத மூடி போட்ட சிறு கடிகாரம். தூதர் பாதி வழியில் இருந்தபோது, 1747இல், நாதிர் ஷாவைக் கூடாரத்துக்குள் புகுந்து அவருடைய அதிகாரிகளே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். தூதர் திரும்பினார். குத்துவாள் இஸ்தான்புல் டோப்காப்பி அரண்மனையிலேயே தங்கிவிட்டது.

இடுப்பில் இருக்கும் வாக்கு

ஓமானின் கொடியில் மேல் மூலையில், குறுக்கே வைத்த இரண்டு வாள்களின் மேல் வளைந்த உறையோடு ஒரு குத்துவாள் இருக்கும். அதன் பெயர் கஞ்சர். 1970இல் கொடியில் ஏறியது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ரியால் நோட்டில் தினமும் பார்ப்பது. அதன் கைவினையையும் அணியும் வழக்கத்தையும் 2022இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பக்கத்து ஏமனில் இதன் பெயர் ஜம்பியா. பழங்குடிகளுக்குள் தகராறு வந்தால் இரு தரப்பும் தங்கள் ஜம்பியாவைக் கழற்றி நடுவரிடம் கொடுப்பது வழக்கம். தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு அது ஜாமீன். ஜம்பியாவின் மதிப்பு பிடியில் இருக்கிறது, உயர்ந்த பிடி காண்டாமிருகக் கொம்பு. 1970களில் சவூதியில் வேலை பார்த்த ஏமனியர்களிடம் பணம் புரண்டதும், வசதியானவர்கள் மட்டும் அணிந்த கொம்புப் பிடியைப் பலரும் கேட்டார்கள். ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்கள் பெருமளவு குறைந்ததற்கு அது பெரிய காரணம். 1982இல் கொம்பு இறக்குமதியை ஏமன் தடை செய்தது. இன்று பெரும்பாலும் எருமைக் கொம்புதான்.

கிழக்கே போனால் கெரிஸ். ஜாவாவின் சுக்குக் கோயிலில் 15ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று உண்டு. பட்டறையில் பீமன் கெரிஸ் அடிக்கிறான், அர்ஜுனன் துருத்தி ஊதுகிறான், நடுவே பிள்ளையார் ஆடுகிறார். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மடித்து மடித்து அடித்து, எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பூசினால் அலகில் நீரோட்டம்போல வரி எழும். அலகு வளைந்து வளைந்து போனால், வளைவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. ஜாவாவில் அதை முதுகுப் பக்கம் செருகுவார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவர் கெரிஸே அவருக்குப் பதிலாக நின்ற காலமும் உண்டு. டச்சுக்காரர்களை எதிர்த்து 1825 முதல் 1830 வரை போரிட்ட இளவரசர் திபொனெகொரோவின் கெரிஸ், 1831இல் நெதர்லாந்து மன்னர் கைக்குப் போனது. 2020இல்தான் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.

மலேசியத் தமிழர்களுக்கு கெரிஸ் இன்னும் பக்கத்து விஷயம். நாட்டுச் சின்னத்தில் ஐந்து கெரிஸ்கள், பழைய ஒரு ரிங்கிட் காசில் ஒன்று. முடிசூட்டு விழாவில் மாமன்னர், 11 மாநிலங்களிலிருந்து வந்த கெரிஸ்களின் எஃகைக் கொண்டு செய்த அரச கெரிஸை உறையிலிருந்து உருவி முத்தமிடுவார். 2024 ஜூலையில் சுல்தான் இப்ராஹிமும் அப்படியே செய்தார். அங்கே அது எல்லோருக்கும் பொதுவான அரசின் அடையாளம்.

ஆனால் 2005இல் ஆளும் அம்னோ கட்சியின் இளைஞர் அணித் தலைவர் ஹிஷாமுதீன் ஹுசேன் கட்சி மாநாட்டு மேடையில் கெரிஸை உருவி உயர்த்தினார். அடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. கூட்டத்துக்கு அது மலாய்ப் பெருமை, மேடையைத் தொலைக்காட்சியில் பார்த்த சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் மிரட்டல். 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. தோல்விக்குச் சொன்ன காரணங்களில் கெரிஸ் காட்சியும் ஒன்று. அடுத்த மாதம் ஹிஷாமுதீன் மன்னிப்புக் கேட்டார். கட்சிக் கொடியில் இருக்கும் கெரிஸை அவர்கள் மாற்றவில்லை.