சாக்கடை அடைப்பு காட்டிக்கொடுத்த சுரங்கப்பாதை!

1994-ம் ஆண்டு. இஸ்ரேலின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் ஆக்கர் நகரில் ஒரு வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டது. காரணம் தேடித் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது, சுமார் 150 மீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை. சிலுவைப் போர்க் காலத்தில், 'டெம்ப்ளர்' வீரர்கள் தங்கள் கோட்டையிலிருந்து துறைமுகத்துக்குப் போய்வர அமைத்த ரகசிய வழி அது!

அரபியில் இந்த ஊரின் பெயர் 'அக்கா'. பாசம் பெயரில் மட்டும்தான். வரலாறு முழுக்க ரத்தம். காரணம், துறைமுகம். ஐரோப்பாவிலிருந்து யாத்ரிகர்களும் படைகளும் வந்திறங்க, கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருள்கள் கப்பலேற, இதுதான் வாசல்.

1104-ல் ஜெனோவா கப்பல்களின் துணையோடு ஜெருசலேம் மன்னர் முதலாம் பால்ட்வின் ஊரைப் பிடித்தார். 1187-ல் ஹத்தீன் போரில் வென்ற சுல்தான் சலாவுதீன், சில நாள்களிலேயே அதை மீட்டார்.

1189-ல் தொடங்கியது பெரும் முற்றுகை. ஊரைச் சிலுவைப் படை வளைக்க, அந்தப் படையை வெளியிலிருந்து சலாவுதீன் வளைத்தார். இரண்டு பக்கமும் பசி, நோய். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் பிரான்ஸ் மன்னர் பிலிப்பும் வந்துசேர, 1191 ஜூலை 12-ல் ஊர் சரணடைந்தது. மீட்புப் பணம் தருவதில் இழுபறி ஏற்பட, ஆகஸ்ட்டில் சுமார் 2,700 கைதிகளை வெட்டிக்கொல்ல உத்தரவிட்டார் 'சிங்க இதயம்' என்று புகழப்படும் ரிச்சர்டு.

ஜெருசலேம் கைக்கு வராததால், ஆக்கரே சிலுவை ராஜ்ஜியத்தின் தலைநகரானது. வெளியே எதிரி காத்திருக்க, உள்ளே பங்காளிச் சண்டை! ஒரு மடத்தின் சொத்துக்காக 1256-ல் வெனிஸ், ஜெனோவா வணிகர்கள் மோதத் தொடங்கினார்கள். தெருவில் ஆரம்பித்த சண்டை கடற்போராக வளர்ந்தது.

1291 ஏப்ரலில் மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீல் படையோடு வந்தார். மே 18-ல் மதில் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சைப்ரஸுக்குத் தப்பினார்கள். கிடைக்காதவர்கள் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள். டெம்ப்ளர் கோட்டை மட்டும் மேலும் பத்து நாள் தாக்குப்பிடித்தது. அடித்தளத்தைக் குடைந்ததில் மே 28-ல் அது சரிந்தபோது, உள்ளே இருந்தவர்களோடு உள்ளே பாய்ந்தவர்களும் சேர்ந்தே நசுங்கினார்கள். வென்றவர்கள் ஒரு தேவாலய வாசலைப் பெயர்த்துக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அது அங்கே ஒரு மதரஸாவின் வாசலாக நிற்கிறது.

இடிபாடுகளின் மேல் 18-ம் நூற்றாண்டில் புது ஊர் எழுந்தது. 1799-ல் நெப்போலியன் இரண்டு மாதம் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 2001-ல் யுனெஸ்கோ பழைய ஆக்கரை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

டெம்ப்ளர்களின் கோட்டை இப்போது கடலுக்குள். ஆனால் அந்தச் சுரங்கத்தில், சில இடங்களில் தலைகுனிந்தபடி, சுற்றுலாப் பயணிகள் தினமும் நடக்கிறார்கள். அங்கே நடந்ததையெல்லாம் நினைத்தால், அப்படிக் குனிவதும் பொருத்தம்தான்.