படியில் தொங்கும் பிரயாணம்

காலை எட்டரை மணிக்குக் குரோம்பேட்டை ஸ்டேஷன் மேடையில் நின்று பார்ப்பவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. வண்டி வருகிறது. இறங்குவோர் சிலர்; ஏற வேண்டியவரோ பெருங்கூட்டம். உள்ளே காலூன்ற இடமில்லை. அடுத்த வண்டி இன்ன நேரத்தில் வருமென்று நிச்சயமாய்ச் சொல்வாரும் இல்லை. ஆகவே ஒரு கையால் கம்பியைப் பற்றி, ஒரு காலைப் படியில் வைத்து, மற்றதை ஆகாயத்தில் விட்டு நம் ஜனங்கள் உத்தியோகத்துக்குப் புறப்படுகிறார்கள்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் வருஷத்தில். பட்டணத்தில் வாடகை கொடுக்க மாட்டாதவன் இன்று கூடுவாஞ்சேரி, செங்கற்பட்டு வரையில் போய்க் குடியேறிவிட்டான். வாடகையில் மிச்சம் பிடித்ததை நேரமாகவும் தேகபலமாகவும் ரெயிலுக்குச் செலுத்துகிறான். மூன்று நாள் பிந்தினால் அரைநாள் லீவைக் கழித்துவிடும் ஆபீஸுகள் பல உண்டு. வண்டி தாமதமென்ற சமாதானத்தை எந்த மானேஜரும் ஒப்புக்கொண்டதாக நாம் கேட்டதில்லை. “முந்தின வண்டிக்கு வரலாகாதா?” என்பார்கள். முந்தின வண்டியும் இப்படித்தான் வருகிறதென்பது மோட்டாரில் வருகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

2018 ஜூலை 24-ஆம் தேதி காலையில் பறங்கிமலையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பிக் கோளாறினால் புறநகர் வண்டியொன்று விரைவு வண்டிகளின் தடத்தில் திருப்பிவிடப்பட்டது. அத்தடத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில் மோதி, படியில் தொங்கியவர்கள் வீழ்ந்து மாண்டார்கள். படியில் நிற்பது சட்டப்படி குற்றமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் செய்தாலன்றி வேலைக்குப் போய்ச் சேர முடியாத நிலைமையை உண்டாக்கியவர் யார்? அதை விசாரிக்கும் சட்டம் எங்கே?

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போடுவதற்காக, 2023 ஆகஸ்டில் கடற்கரை—சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரெயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். 2024 அக்டோபர் வரையில் பொறுக்கும்படியாயிற்று. தடம் அவசியமே. வாக்கின் அளவுதான் இரட்டித்துவிட்டது.

2025 ஏப்ரலில் இவ்வழியில் குளிர்சாதன வண்டி வந்தது. அதன் கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றன. அதில் தொங்குவார் இல்லை. தொடங்கியபோது அதற்குக் குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டிக்கோ 5 ரூபாய். கைகால் முழுதாய் வீடு சேர்வதற்கு ஏழு மடங்கு விலை! மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதியை மகாத்மா காந்தி 1917-இலேயே எழுதினார். அந்த வகுப்பின் பெயர் 1974-இல் எடுபட்டது. பெயர் மட்டுமே எடுபட்டது.

சாதாரண வண்டிக்குக் கதவு போட்டால் நெரிசலில் மூச்சு முட்டுமென்று ஓர் ஆக்ஷேபம் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 2025 ஜூன் 9-ஆம் தேதி பம்பாய்ப் புறநகரான மும்ப்ராவில் ஓடும் வண்டியிலிருந்து பலர் வீழ்ந்து மாண்டபின், அதற்கும் வழி கண்டதாக ரெயில்வே இலாகாவே அறிவித்தது: கதவில் காற்றுச் சட்டங்கள், கூரையில் காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து செல்ல வழி. பம்பாய்க்கு ஏற்ற கதவு சென்னைக்கு ஏற்காதா? இத்தகைய வண்டிகள் நமக்கு எத்தனை, எந்த மாதத்தில் என்பதை நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கேட்டுப் பதில் பெற வேண்டும். டில்லிக்கு அவர்கள் படியில் தொங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.