ரப்பரை விற்று அரிசி வாங்குவது ஏன்?

நம் நாட்டு மண்ணில் நெல் விளையும். கெடாவிலும் பெர்லிசிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்கள்தாம். அப்படியிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் அரிசி வாங்குகிறோம். “இங்கேயே விளையும் பொருளை வெளியே போய் வாங்குவதா?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விடை காண்பதற்கு முதலில் ‘வாய்ப்புச் செலவு’ என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு காரியத்தில் இறங்கும்போது வேறொரு காரியத்தைக் கைவிடுகிறோம். அப்படிக் கைவிட்டதன் மதிப்பே வாய்ப்புச் செலவு. ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்குப் போகிறவர் அன்று வீட்டுக் காய்கறிப் பாத்தியைக் கொத்த முடியாது. மடியிலிருந்து ஒரு காசும் போகவில்லை. ஆனாலும் கொத்தாமல் கிடக்கும் பாத்திதான் அந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை.

அக்காள், தங்கை இருவரை எடுத்துக்கொள்வோம். அக்காள் ஒரு மணி நேரத்தில் ஓர் இரவிக்கை தைப்பாள். ஒரு மணி நேரத்தில் ஒரு விளக்குமாறு கட்டுவாள். தங்கைக்கு இரவிக்கை தைக்க நான்கு மணி நேரம் ஆகும். விளக்குமாறு கட்ட இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டிலும் அக்காளே கெட்டிக்காரி. அப்படியானால் தங்கையால் அக்காளுக்கு என்ன பயன்?

கைவிடுவதைக் கணக்குப் பார்ப்போம். ஓர் இரவிக்கை தைக்க அக்காள் ஒரு விளக்குமாற்றைக் கைவிடுகிறாள். தங்கையோ இரண்டைக் கைவிடுகிறாள். விளக்குமாறு என்று வந்தால், அக்காள் ஓர் இரவிக்கையைக் கைவிட வேண்டும். தங்கைக்கு அரை இரவிக்கைதான் நட்டம். ஆகவே விளக்குமாறு கட்டுவதில் தங்கையின் கையே மலிவு. இதைத்தான் ‘ஒப்பீட்டு நன்மை’ என்கிறார்கள்.

இருவருக்கும் தலைக்கு இரண்டு இரவிக்கையும் இரண்டு விளக்குமாறும் வேண்டும். தனித்தனியே செய்தால் அக்காளுக்கு நான்கு மணி நேரமும் தங்கைக்குப் பன்னிரண்டு மணி நேரமும் ஆகும். மாறாக, அக்காள் நான்கு இரவிக்கை தைத்து, இரண்டைத் தங்கைக்குக் கொடுத்து, மூன்று விளக்குமாறு வாங்கிக்கொள்ளட்டும். அதே நான்கு மணி நேர உழைப்பில் அவளுக்கு ஒரு விளக்குமாறு கூடுதல். தங்கை ஐந்து விளக்குமாறு கட்டினால் போதும். பத்து மணி நேரம்தான். இரண்டு மணி நேரம் மிச்சம்.

1817-ஆம் ஆண்டில் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் இந்த உண்மையை நாடுகளுக்குப் பொருத்திக் காட்டினார். துணி, திராட்சை மது இரண்டையுமே போர்த்துகல் குறைந்த உழைப்பில் செய்வதாக வைத்துக்கொண்டாலும், இங்கிலாந்து துணியையும் போர்த்துகல் மதுவையும் செய்து மாற்றிக்கொண்டால் இரு நாடுகளுக்கும் ஆதாயம் என்றார்.

அன்றைய மலாயாவும் இவ்வழியில்தான் நடந்தது. ரப்பரை விற்றது, உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. பால் வெட்டிய கைகள் மறைமுகமாக நெல்லும் விளைத்தன எனலாம்.

ஆனால் இதில் நாம் மறக்கக்கூடாத மூன்று செய்திகள் உண்டு.

முதலாவது, ஒரே பொருளை நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. 1930-களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் ரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி வரத்தும் குன்றியது. மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று. அரிசியை வாங்குகிற நாடும் ஓரளவு நெல் பயிரிட்டு வருவதற்கு இத்தகைய அனுபவமும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஒப்பீட்டு நன்மை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. 1980-களின் இறுதிவரை இயற்கை ரப்பரில் உலகின் முதலிடம் மலேசியாவுக்கே இருந்தது. அதே நிலத்தில் செம்பனை அதிக வருவாய் தந்தது. தொழிற்சாலைகளும் ஆட்களை அழைத்தன. ரப்பருக்காகக் கைவிட வேண்டியது பெருகிவிட்டது. 1990-களில் தாய்லாந்து முந்திக்கொண்டது. இன்று நம் கையுறைத் தொழிற்சாலைகள் அங்கிருந்து ரப்பர்ப் பால் வாங்குகின்றன.

மூன்றாவது, ஆதாயம் தானாகப் பங்கிட்டுக்கொள்ளாது. ஓர் இரவிக்கைக்கு ஒரே விளக்குமாறு என்று பேசியிருந்தால் ஆதாயம் முழுவதும் தங்கைக்கு. இரண்டு என்றால் முழுவதும் அக்காளுக்கு. நாட்டுக்குள்ளும் இப்படித்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது நாட்டின் வருமானம் உயர்ந்திருக்கலாம். ஆனால் வேலையும் அதோடு லயத்து வீடும் போன குடும்பத்துக்கு அந்தக் கணக்கு வயிற்றை நிரப்பாது. ஆகவே, ‘நாட்டுக்கு ஆதாயம்’ என்று யாராவது சொன்னால், ‘அதில் உழைத்தவர் பங்கு எவ்வளவு?’ என்று கேட்பது நம் உரிமை.

வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பினால் மாதம் சில வெள்ளி கைக்கு வரும். அது கண்ணுக்குத் தெரியும். கைவிட்ட படிப்பு கண்ணுக்குத் தெரியாது. நாளை உலகச் சந்தை திசை மாறும்போது வேறு தொழிலுக்கு மாறிக்கொள்ளும் திறமை படித்த பிள்ளைக்கே எளிதில் வரும். அந்தத் திறமையையும் சேர்த்தே செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.