பறக்கும் விளக்கும் மிதக்கும் விளக்கும்

2023-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் திருக்கார்த்திகை. தமிழகத்து வீடுகளின் வாசல்களில் அகல் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மறுநாள் இரவு, அதே முழுநிலவில், தாய்லாந்து மக்கள் ஆறுகளில் விளக்குகளை மிதக்க விட்டார்கள். அந்நாட்டின் வட பகுதியில் வானிலும் பறக்க விட்டார்கள். தாய்லாந்தில் இவ்விழா அவர்களது பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியன்று நிகழ்வது. நமது தீபமோ கார்த்திகை மாதத்தில் கார்த்திகை விண்மீன் கூடும் நாளைப் பொறுத்தது. ஆகவே சில ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்து வரும். 2024-இல் போல, ஒரு மாத இடைவெளி விழுவதும் உண்டு.

மிதக்கும் விளக்கு

ஆற்றில் விளக்கு விடும் விழாவுக்கு 'லோய் கிரத்தோங்' என்று பெயர். 'லோய்' என்றால் மிதத்தல். 'கிரத்தோங்' என்பது இலையால் செய்த தொன்னை போன்ற கலம். வாழைத் தண்டை வட்டமாக அறுத்து, அதன் ஓரத்தில் வாழையிலையை மடித்துச் செருகுவார்கள். நடுவே பூக்கள், ஒரு மெழுகுவர்த்தி, ஊதுவத்திகள். சிலர் ஒரு நாணயமும் வைப்பார்கள். நகத்துண்டையும் முடியையும் வைத்து, பீடை நீங்கட்டும் என்று அனுப்புவோரும் உண்டு. நீரை ஆண்டு முழுதும் பயன்படுத்தியதற்காக நன்றியும், அழுக்காக்கியதற்காக மன்னிப்பும் நீர்த்தாயிடம் கூறுவதே விழாவின் நோக்கம். அந்தத் தாயை அவர்கள் 'கொங்கா' என்கிறார்கள். நமது 'கங்கை'தான் அது!

கொல்லிமலையிலும் ஒரு கங்கை உண்டு. அய்யாறு அருவியாக விழும் இடத்துக்கு 'ஆகாய கங்கை' என்று பெயர். ஆடிப் பெருக்கன்று காவிரிக் கரையில் பெண்கள் பூவும் மஞ்சளும் விளக்கும் வைத்து நீரை வழிபடுவதை நாம் அறிவோம். கடல் கடந்த இரு நாடுகளிலும் நீருக்கு நன்றி கூறும் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பது வியப்புக்குரியது.

பறக்கும் விளக்கு

வட தாய்லாந்தில், சியாங் மாய் நகரைச் சுற்றி, இதே பௌர்ணமியில் 'யீ பெங்' விழா நடைபெறுகிறது. 'இரண்டாம் மாதப் பௌர்ணமி' என்பது இதன் பொருள். அங்கே 'கோம் லோய்' எனப்படும் காகித விளக்குகள் வானில் ஏறுகின்றன. மெல்லிய காகிதத்தால் ஆன பெரிய பை, வாயில் மெல்லிய வளையம், அதன் நடுவே மெழுகில் ஊறிய திரி. இவ்வளவுதான் அதன் அமைப்பு.

இது எப்படிப் பறக்கிறது? திரி எரியும்போது பைக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. விரிந்த காற்றில் ஒரு பகுதி கீழ்வாய் வழியே வெளியேறுகிறது. உள்ளே எஞ்சிய காற்று, அதே பருமனுள்ள வெளிக்காற்றைவிட எடை குறைந்தது. எனவே நீரில் தக்கை மேலெழுவது போல விளக்கு காற்றில் மேலெழுகிறது. ஆர்க்கிமிடீஸ் கூறிய தத்துவமே இது. 1783-இல் பிரான்சில் மாங்கோல்பியர் சகோதரர்கள் விட்ட வெப்பக்காற்று பலூனும் இவ்வாறே எழுந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். சமவெளியில் 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1,180 கிராம். 100 டிகிரியில் சுமார் 945 கிராம். வேறுபாடு 235 கிராம். விளக்கின் கொள்ளளவு கால் கன மீட்டர் எனில், அது தூக்கக்கூடிய எடை ஏறத்தாழ 60 கிராம். காகிதம், வளையம், திரி எல்லாம் சேர்ந்து இதற்குள் அடங்கினால்தான் விளக்கு எழும்.

இதே விளக்கைக் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் விட்டால்? 1,200 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மெலிந்திருக்கும்; தூக்கு விசை அந்த அளவுக்குக் குறைய வேண்டும். ஆனால் இரவு வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கினால், குளிர்ந்த வெளிக்காற்றின் அடர்த்தி கூடி அக்குறையை ஈடு செய்துவிடும். விளக்கு அதே 60 கிராமைத் தூக்கும்.

எங்கே விழும்?

ஏறும் விளக்கு இறங்கியே தீரும். காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், ஆறே நிமிடத்தில் அது ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். திரி அணையுமுன் விழுந்தால் கூரையும் காடும் பற்றிக்கொள்ளலாம். ஜெர்மனியின் கிரேபெல்டு நகர விலங்குக் காட்சிசாலையில், 2020 புத்தாண்டு இரவில் இத்தகைய விளக்குகளால் தீப்பற்றி, மனிதக் குரங்குகள் உள்ளிட்ட 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் இறந்தன. அப்பகுதியில் 2009 முதலே இவ்விளக்குகளுக்குத் தடை இருந்தது! சியாங் மாய் நகரிலும் விழா இரவுகளில் விமானங்கள் பல இரத்தாகின்றன. விளக்கு விடுவதற்கு நேரமும் இடமும் வரையறுக்கப்பட்டுள்ளன.

மிதக்கும் விளக்கிலும் தொல்லை இல்லாமல் இல்லை. 2023 விழா முடிந்ததும் பாங்காக் மாநகராட்சி நீர்நிலைகளிலிருந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரத்தோங்குகளை அள்ளியது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வாழைத்தண்டு போன்ற இயற்கைப் பொருள்களே. ஆயினும் இலையும் பூவும் அழுகும்போது, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. தேங்கிய குளத்தில் இதனால் மீன்கள் மூச்சுத் திணறும். எனவே குடும்பத்துக்கு ஒரு கிரத்தோங் போதும் என்று அங்கே அறிவுறுத்துகிறார்கள்.

காகித விளக்குகள் இன்று நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. கொல்லிமலை போன்ற காடு சூழ்ந்த இடங்களில் அவற்றைப் பறக்க விடுவது தகாது. நம் கார்த்திகைச் சொக்கப்பனை பெருந்தீதான். எனினும் ஊரார் சுற்றி நின்று, அது அணையும்வரை பார்த்திருக்கிறார்கள். காகித விளக்கின் தீயோ கையைவிட்டுப் போனபின் காப்பாரற்றது.

சூடான காற்றின் விசையைக் காண விளக்கைப் பறக்கவிட வேண்டியதில்லை. காகிதத்தைச் சுருள் வடிவில் வெட்டி, நூலில் கட்டி, பெரியவர் ஒருவர் துணையோடு அகல் சுடருக்கு ஒரு முழம் மேலே பிடியுங்கள். சுருள் தானே சுழலும். சியாங் மாயில் விளக்கை வானேற்றும் காற்றே உங்கள் வீட்டிலும் அதைச் சுழற்றுகிறது.