மேடையை விட்டு இறங்கிய கிட்டார்
(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



'ராக் மியூசிக்' என்று சொன்னவுடனே நம்மில் பாதிப் பேருக்கு, நீளமாய் முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் மேடையில் கத்துவதுதான் ஞாபகம் வரும். "அதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் ராக் இசை எந்தக் காரணங்களால் முதலிடத்தை விட்டு இறங்கியதோ, ஏறக்குறைய அதே காரணங்களால்தான் நம் ஊர்த் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரியும் குறைந்துபோனது. நாம் பாடத்தில் படித்ததை வைத்தே இதை விளக்கிவிடலாம்.

ராக் என்றால் என்ன?

ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு பாடகர். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. 1950களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்தும், கிராமப்புற வெள்ளையர்களின் கன்ட்ரி இசையிலிருந்தும் பிறந்தது இது. சக் பெர்ரி, எல்விஸ் பிரெஸ்லி ஆகியோர் இதன் முன்னோடிகள் எனலாம்.

எலக்ட்ரிக் கிட்டாரில் ரகசியம் ஒன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். இதற்குப் 'பிக்கப்' என்று பெயர். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச் சுருளில் சில நூறு மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டாகும். முதலாம் ஆண்டில் படித்த ஃபாரடே விதிதான்! அதை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அதன் சக்திக்கு மேல் உயர்த்தினால் சைன் அலையின் மேல் நுனியும் கீழ் நுனியும் வெட்டுப்படும். நாம் லேபில் செய்யும் கிளிப்பர் சர்க்யூட் இதேதான். அலை வெட்டுப்பட்டால் புதிய ஹார்மோனிக்ஸ் சேரும். ராக் கிட்டாரின் கரகரப்பு அதுதான். 1964இல் 'கிங்க்ஸ்' என்ற ஆங்கிலேயக் குழுவின் கிட்டார்க்காரர் டேவ் டேவிஸ், இந்தக் கரகரப்புக்காகத் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையே பிளேடால் கிழித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏறிய காலம்

1964 ஏப்ரல் 4ஆம் தேதி வெளியான அமெரிக்க 'பில்போர்டு' பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் 'பீட்டில்ஸ்' என்ற ஒரே குழு பிடித்தது. 1992 ஜனவரியில் 'நிர்வாணா' குழுவின் ஆல்பம், மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. இளைஞர்களின் கோபம், காதல் எல்லாவற்றுக்கும் கிட்டார்தான் வாய்.

தமிழ்நாட்டில் ராக் தனியாக வேரூன்றவில்லை. ஆனால் அதன் கருவிகள் சினிமா வழியாக நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி மேற்கத்தியத் தாளங்களைத் தாராளமாகக் கையாண்டார்கள். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளரான இளையராஜா, அதற்கு முன் மற்றவர்களின் குழுவில் கிட்டார் வாசித்தவர். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் எஸ்.பி.பி. பாடிய கிட்டார் பாட்டு தெரியாத தமிழன் உண்டா? அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவை மெல்லிசைக் குழுக்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என ஒரு ராக் குழுவின் கருவிகள் அப்படியே நம் மாரியம்மன் கோயில் மேடையில் இருந்தன!

இறங்கியது எப்படி?

1983இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, யமஹா கம்பெனியின் டி.எக்ஸ்.7 கீபோர்டு விற்பனைக்கு வந்தது. இரண்டு, 'மிடி' என்ற பொது விதிமுறை வந்தது. மிடி ஒயரில் ஒலி போகாது. 'இந்தக் கட்டையை இவ்வளவு அழுத்தமாக அமுக்கு' என்ற கட்டளைதான் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகும். ஒரே ஒயரில் 16 சேனல்கள். அதாவது, ஒரே ஆள் 16 வாத்தியங்களை இயக்கலாம். பிறகு நிஜ வாத்தியத்தின் ஒலியையே பதிந்து வைக்கும் சாம்ப்ளர் மலிவானது.

அதற்கு முன் சென்னையில் சினிமாப் பாட்டுப் பதிவு என்றால் பல பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவை நடத்திய ஏ.ஆர். ரஹ்மான், பின்னாளில் தன் வீட்டு ஸ்டூடியோவில் கீபோர்டு, கம்ப்யூட்டர் துணையோடு இசையமைத்தார். 1992இல் 'ரோஜா' வந்தது. ராக் குழுவிலிருந்து வந்தவரே தனியறை இசைக்கு வழி காட்டினார் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், டி.ஜே. கூல் ஹெர்க் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்து நடத்திய விருந்திலிருந்து ஹிப்ஹாப் வளர்ந்தது. அதற்கு வாத்தியக் குழுவே தேவையில்லை. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லலாம். 2017இல் அமெரிக்காவில் ராக்கை முந்தி ஹிப்ஹாப், ஆர் அண்டு பி வகை முதலிடத்துக்கு வந்ததாக நீல்சன் நிறுவனம் கணக்குக் கொடுத்தது. நம்மிடமும் 2011 நவம்பரில் அனிருத் இசையில் 'கொலவெறி' யூடியூபில் பரவியது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழா'வின் ஆல்பம் வந்தது.

ஆனால் கிட்டார் செத்துவிடவில்லை. 2020 ஊரடங்கில் ஃபெண்டர் கம்பெனியின் கிட்டார் விற்பனை சாதனை அளவுக்கு உயர்ந்தது. வீட்டுக்குள் தனியாக வாசிப்பவர்கள் கூடினார்கள். குறைந்தது, நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு.

நம் பக்கத்துக் கதை

என் தாய்மாமா சின்னசேலம் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அவரிடம் கேட்டேன்.

"பதினாறு பேரு ஒரே வேன்ல போவோம் மாப்ள. டிரம்ஸ், தபேலா, தும்பா, ரெண்டு கிட்டாரு, பேஸு... ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். முதல்ல ரிதம் பேட் வந்துச்சு, தாளம் போடுற மூணு பேரு நின்னுட்டாங்க. அப்புறம் கீபோர்டுக்காரன் இடது கையாலேயே பேஸையும் வாசிச்சிட்டான், நான் நின்னுட்டேன். இப்ப பென் டிரைவ்ல டிராக்கு. பாடுறதுக்கு மட்டும் ஆளு."

இன்று அவர் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறார். எனக்கு சால்டரிங் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான் எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததற்கு அவர் கடைதான் காரணம். அவர் வேலையைப் பறித்ததும் எலக்ட்ரானிக்ஸ், என்னைப் படிக்க வைப்பதும் எலக்ட்ரானிக்ஸ்!

கருவி மட்டும் காரணமல்ல. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விடிய விடியக் கச்சேரி என்பது சுருங்கிப்போனது. 2020இலும் 2021இலும் கொரோனாவால் திருவிழாக்களே நின்றன. நொண்டிக்கொண்டிருந்த குழுக்கள் அப்போது விழுந்துவிட்டன. பிறகு விழா திரும்பி வந்தது, பதினாறு பேர் திரும்பி வரவில்லை. விழாக் கமிட்டிக்காரரைக் குறை சொல்ல முடியுமா? பதினாறு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வேன் வாடகை. டி.ஜே. என்றால் ஒரு ஆள், நாலு பாக்ஸ்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கத்திலிருந்து வரும் என் வகுப்பு நண்பன் வேறொன்று சொன்னான். "எங்க ஊருக்கு ஆர்கெஸ்ட்ரா எப்பவோ ஒரு தடவைதான் வந்துச்சு. ஆனா மேளம் அடிக்கிறவங்களும் ஆடுறவங்களும் எங்க ஊரு ஆளுங்களேதான். இப்ப மினி லாரியில பாக்ஸு மேல ஏறுது. ஆட்டம் இருக்கு, அடிக்கிறவங்கதான் இல்ல."

நாம் என்ன செய்யலாம்?

டி.ஜே. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராப் கெட்டது என்றும் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் ராப், கானா, பறை, கிட்டார் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. புதியதும் பழையதும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மெஷின் தப்பாத் தாளம் போடாது, நிஜம்தான். ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்கினால் அது காத்திருக்காது. கூட வாசிப்பவர் காத்திருப்பார். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் தன் கையை அடக்குவது ஒரு பழக்கம். நாளை தொழிற்சாலையில் நாலு பேரோடு வேலை பார்க்கப்போகிற நமக்கு அது பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

எனவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு விழாவில் டி.ஜே.வுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நம் மாணவர்களே வாசிக்க விடுங்கள். மெக்கானிக்கலில் தவில் வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார். சிவிலில் சர்ச்சில் கிட்டார் பழகிய இரண்டு பேர் இருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் நண்பர்களிடம் மேளம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு நாங்கள் பொறுப்பு. எல்.எம்.386 ஐ.சி. ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிறிய ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் பழகுவதற்குப் போதுமானது. முன்னால் ஒரு டிரான்சிஸ்டர் நிலை வைத்து, அதன் வெளியீட்டில் இரண்டு டையோடுகளை எதிரெதிராகப் போட்டால் 0.7 வோல்ட்டில் அலை வெட்டுப்பட்டு ராக் கரகரப்பும் வந்துவிடும். டேவ் டேவிஸ் மாதிரி ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டியதில்லை!

விருப்பமுள்ளவர்கள் மாலை நாலரை மணிக்கு மேல் எங்கள் பிரிவு வராந்தாவுக்கு வாருங்கள். மாமாவின் பழைய பேஸ் கிட்டாரைக் கேட்டு வைத்திருக்கிறேன். தந்தி மட்டும் மாற்ற வேண்டும்.